எத்தனை தடவை ஃபெயில்ங்கிறதா கேள்வி?

விமானம் ஓட்டக் கத்துக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தா ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "எனக்கு டெஸ்ட்ல ரெண்டு ஃபெயில் இருக்கு, ஏர்லைன்ல எடுப்பாங்களா?"

நான் பொட்டி தட்டுறவன், பைலட் இல்லை. ஆனா விமான விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடித்தேடிப் படிக்கிற ஒரு கிறுக்கு உண்டு. அதுல இருந்து புரிஞ்சதைச் சொல்றேன்: எண்ணிக்கையைப் பார்த்து ஆளை எடை போடறது தப்பு. யாருக்குத் தப்புன்னா, பைலட்டுக்கு மட்டும் இல்ல, பின்னாடி சீட்ல உட்கார்ந்திருக்கிற நமக்கும்தான்.

நம்ம இன்ஜினியரிங் மக்களுக்கு இது சுலபமாப் புரியும். கேம்பஸ் இன்டர்வியூவுல "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் இருக்கக் கூடாது"ன்னு ஒரு வரி போடுவாங்களே, அதேதான். முதல் செமஸ்டர் கணக்குல போன பேப்பரை அடுத்த முறையே க்ளியர் பண்ணியிருந்தாலும், வரலாறு வரலாறுதான் :-)

அமெரிக்காவுல பிரைவேட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல், மல்டி இன்ஜின்னு படிப்படியா டெஸ்ட். முதல்ல வாய்மொழிக் கேள்வி, அப்புறம் பறந்து காட்டணும். மற்றதெல்லாம் பிரமாதமா செஞ்சு ஒரே ஒரு பகுதியில சொதப்பினாலும் ஃபெயில்தான். ஆசிரியர்கிட்ட திரும்பப் பயிற்சி எடுத்து 60 நாளுக்குள்ள வந்தா, ஏற்கெனவே பாஸானதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் செஞ்சு காட்டினாப் போதும். லைசென்ஸ் கிடைச்சிடும். ஆனா அந்த ஃபெயில் பதிவு அழியாது. இத்தனை ஃபெயிலுக்கு மேல போனா ஏர்லைன்ல சேர முடியாதுன்னு சட்டம் எதுவும் கிடையாது. முடிவு கம்பெனி கையில. ஆள் பஞ்சம் இருக்கும்போது கண்டுக்க மாட்டாங்க, விண்ணப்பம் குவிஞ்சா முதல் வடிகட்டியே இதுதான்.

இந்தப் பதிவுகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்த கதை சோகமானது. 2009 பிப்ரவரி 12. நியூவர்க்ல இருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 ஒரு வீட்டு மேல விழுந்து, விமானத்துல இருந்த 49 பேரும் தரையில ஒருத்தரும் இறந்துபோனாங்க. வேகம் குறைஞ்சு, கன்ட்ரோல் கம்பி நடுங்கி எச்சரிச்சப்போ, மூக்கைக் கீழே தள்ள வேண்டிய கேப்டன் மேலே இழுத்தார். அந்தக் கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடியே அவர் மூணு டெஸ்ட்ல ஃபெயில் ஆகியிருந்தார். விண்ணப்பத்துல சொன்னது ஒண்ணுதான். அப்போ இருந்த 1996ஆம் வருஷத்துச் சட்டம், பழைய கம்பெனிகள்கிட்ட பதிவு கேட்கச் சொன்னதே தவிர, அரசுகிட்ட இருக்கிற இந்த ஃபெயில் கணக்கை வாங்கணும்னு கட்டாயப்படுத்தலை.

இறந்தவங்க குடும்பங்கள் விடாம போராடி, 2010 ஆகஸ்ட்ல புதுச் சட்டம் வந்துச்சு. எல்லாப் பைலட்டோட பதிவும் ஒரே தரவுதளத்துல இருக்கணும்னு அது சொல்லுச்சு. அதுக்கான விதி முழுசா வெளிவந்தது 2021ல! பதினொரு வருஷம்.

நடுவுல 2019 பிப்ரவரி 23. அட்லஸ் ஏர் 3591, சரக்கு விமானம், டெக்சாஸ்ல விழுந்து 3 பேர் பலி. இங்கே துணை விமானி, விமானம் ஸ்டால் ஆகாமலே ஆயிடுச்சுன்னு நினைச்சு மூக்கைக் கீழே தள்ளிட்டார். எதிர்பாராதது நடந்தா பதறிப்போய் கைக்கு வந்ததைச் செய்யற பழக்கம் அவருக்குப் பயிற்சிகள்ல பல தடவை வெளிப்பட்டிருக்கு. அதை அடுத்தடுத்த கம்பெனிகள்கிட்ட மறைச்சிருக்கார். தரவுதளத்தைச் சீக்கிரமா, ஒழுங்காக் கொண்டுவராததும் விபத்துக்கு ஒரு காரணம்னு விசாரணை வாரியமே 2020ல எழுதிடுச்சு.

இங்கேதான் நான் சொல்ல வர்ற விஷயம். அட்லஸ்ல கவனிக்க வேண்டியிருந்தது எண்ணிக்கை இல்ல, திரும்பத் திரும்ப வந்த ஒரே குறை. பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரியும், பத்து வெவ்வேறு பிழை வர்ற மாட்யூலை விட, சரி பண்ணிட்டோம்னு மூடின ஒரே பிழை நாலாவது தடவையும் திறக்கிற மாட்யூல்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

எண்ணிக்கை நியாயமான அளவுகோலும் இல்ல. சில பயிற்சிப் பள்ளிகளுக்குத் தாங்களே டெஸ்ட் வைக்க அனுமதி உண்டு. அங்கே உள்ளுக்குள்ளயே சொதப்பினா அரசுப் பதிவுல ஏறாது. வெளித் தேர்வாளர்கிட்ட அதே தப்பைச் செய்தவன் பேர்ல மட்டும் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கும்.

"ஐம்பது பேர் செத்திருக்காங்க, நீ பாவம் பார்க்கிறியா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவை அழிங்கன்னு நான் சொல்லவே இல்லை. எல்லாம் வெளியே இருக்கட்டும். ஆனா படிக்கிறவன் எண்ணிட்டு மூடி வைக்காம மூணு கேள்வி கேட்கட்டும். எதுல ஃபெயில்? அதே குறை பின்னாடியும் வந்துச்சா? அதுக்கப்புறம் எப்படிப் பறந்திருக்கார்? எண்ணிக்கைக்குப் பயந்துதான் ஆளுங்க மறைக்கிறாங்க. விமானத் துறைக்கு இது தெரியாததும் இல்ல. நடந்த தப்பைப் பயமில்லாம சொல்லட்டும்னு, நாசா நடத்தற ஒரு தன்னார்வ அறிக்கை முறை 1976ல இருந்து இருக்கு. பறக்கும்போது நடந்த தப்பைச் சொல்ல இடம் கொடுத்த துறை, கத்துக்கும்போது நடந்த தப்புக்கும் கொடுக்கலாமே.

2024 செப்டம்பர்ல இருந்து அந்தத் தரவுதளம் முழு அமலுக்கு வந்தாச்சு. இனி மறைச்சா மாட்டாம இருக்க வழியில்ல. அதனால ரெண்டு ஃபெயில் வச்சிருக்கிற தம்பி, தங்கச்சிக்கு: ஃபார்ம்ல எல்லாத்தையும் எழுதுங்க. உங்க பதிவை நீங்களே பார்க்கலாம், தப்பா இருந்தா திருத்தச் சொல்லிக் கேட்கலாம். இன்டர்வியூவுல கேட்டா, அன்னைக்குக் காத்து சரியில்ல, தேர்வாளர் கடுப்பானவர்னு ஆரம்பிக்காதீங்க. என்ன தப்பு, எப்படிச் சரி பண்ணினீங்கன்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லுங்க. அதைக் காது கொடுத்துக் கேட்கிற கம்பெனி விமானத்துல ஏறத்தான் எனக்கு இஷ்டம்.

டிஸ்கி: ஜன்னல் சீட் கிடைக்காட்டா முகம் வாடுற சாதாரணப் பயணியின் கருத்து மட்டுமே இது. பைலட்டுகள் யாராவது இருந்தா காதைத் திருகலாம் :-)