அருவித் தண்ணிக்கு என்ன தெரியும்?

சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் கூட்டம் அள்ளும். குளிக்க வருகிறவர்கள், பரோட்டாவுக்காகவே வருகிறவர்கள்... இவர்களுக்கு நடுவே, ஆள் பிடித்து அருவிக்கு அடியில் நிறுத்தப்படுகிறவர்களும் உண்டு. உச்சந்தலையில் அருவி விழுந்தால் கிறுக்கு தெளியும் என்பது தென்காசிப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. பெரியவர்களுக்கே இது வைத்தியம் கிடையாது. எட்டு வயசுப் பிள்ளைக்கும் இதையே சிபாரிசு செய்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

13 வயதுக்குள் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வருவது மிக மிக அபூர்வம். அப்படியே வந்தாலும் ஒரே ராத்திரியில் வருவதில்லை. பலருக்கும் பேச்சு தாமதமாக வந்திருக்கும். கூட்டாளிகளை விட்டு ஒதுங்கியிருப்பார்கள். மார்க் சரிந்திருக்கும். அப்போதெல்லாம் "சேட்டை", "சோம்பேறி" என்று அடி விழும். "யாரோ பேசுற சத்தம் கேக்குது" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் பேய் ஞாபகம் வரும், அருவி ஞாபகம் வரும்!

இந்த நோய் தனியாகவும் வருவதில்லை. கவனக்குறைவு, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1990 முதல் இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தது. கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆட்டிசம் வகைக் குறைபாடும் இருந்தது. இன்னொரு விஷயம், சந்தேகப்பட்டு அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவே இல்லை. வலிப்பு, மூளை அழற்சி, பட்ட அடியின் பயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காமர்ஸ்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், "பைத்தியம்" என்பது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். டேலி ஆகாததை எல்லாம் அதில் தள்ளிவிட்டுக் கணக்கை மூடுகிறார்கள்.

"ரெண்டு நாள் குளிச்சா என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வலிப்பு உள்ள பிள்ளையை அந்த வேகத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்களா? ரெண்டு நாள் ரெண்டு வருஷமாகும். தண்ணி கேட்காவிட்டால் அடுத்தது சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தீயில் 28 பேர் செத்தது, ஓட முடியாமல் கட்டிப்போட்டிருந்ததால். சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்லிவிட்டது.

பெற்றவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர்களுக்கு வழி சொன்னவர்கள் சாமியாடியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளோடு அமர் சேவா சங்கம் வேலை செய்கிறது. 14416க்கு போன் போட்டால் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். பள்ளிக்கூடச் சுவரில் இதை எழுதிப் போட எத்தனை ரூபாய் ஆகும்?

குற்றாலநாதரைக் கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு அப்படியே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறலாம். தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான்.