அலை, வலை, விலை... குழந்தையின் வாசிப்பு எங்கிருந்து தொடங்கணும்?

காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் மீனவ கிராமம் கிளிஞ்சல்மேடு. 1-ம் வகுப்புக் குழந்தை இந்தப் பெயரைப் பார்த்தால் 'ஞ்ச' என்ற இடத்தில் திணறி நின்றுவிடும். ஆனால், ஊஞ்சல், அஞ்சல் என்ற சொற்களை ஏற்கெனவே படித்த குழந்தைக்கு 'கிளிஞ்சல்' பாதி தெரிந்த சொல். சொற்குடும்பம் செய்யும் வேலை இதுதான்.

ஏன் இப்போது பேசணும்?

2024-ம் ஆண்டின் ஏசர் ஆய்வில், கிராமப்புற இந்தியாவில் 3-ம் வகுப்புப் பிள்ளைகளில் 27.1% பேரால்தான் 2-ம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. 3-ம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாக் குழந்தையும் புரிந்து படிக்கணும் என்று மத்திய அரசின் 'நிபுண் பாரத்' வைத்திருக்கும் கெடு 2026-27. அதன்பிறகு எல்லாப் பாடமும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவைதான். வாசிப்பு வராத பிள்ளை கணக்கிலும் அறிவியலிலும் சேர்த்தே பின்தங்கும்.

தமிழுக்கு இது பொருந்துமா?

ஆங்கிலத்தில் 'லைட், நைட், ரைட்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தால் உச்சரிப்பு வராது. சொல்லின் பின்பாதியை மொத்தமாகப் பழகணும். தமிழில் அந்தச் சிக்கல் குறைவு. நம்ம சிக்கல் வேற.

முதலாவது, எண்ணிக்கை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. அட்டவணையை முடித்துவிட்டுத்தான் சொல் என்றால், குழந்தை மாதக்கணக்கில் காத்திருக்கணும். மாறாக, 'லை'யோடு அ, இ, த, ம, வ, வி என்று ஆறு எழுத்து தெரிந்தாலே அலை, இலை, தலை, மலை, வலை, விலை என ஆறு சொற்கள் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, ஒலி. கடல், நகம், சங்கு மூன்றிலும் 'க' வரிசை எழுத்துதான். ஒலி வேறு வேறு. இதை விதியாகச் சொன்னால் ஆறு வயசுக்குப் புரியாது. சங்கு, நுங்கு, பங்கு என்று வரிசையாகப் படித்தால் காதே பிடித்துக்கொள்ளும்.

இது இறக்குமதி யோசனையும் இல்லை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, கடைசி ஒத்து வந்தால் இயைபு என்று தமிழ் எப்போதோ பெயர் வைத்துவிட்டது.

பாட்டாகிவிடக் கூடாது

ஓர் ஆபத்து உண்டு. 'அலை, வலை, விலை' என்று குழந்தை ராகமாக ஒப்பிக்கும். கண் எழுத்தில் இருக்காது. அதனால் வரிசையைக் கலைத்துக் காட்டணும். சொல்லித்தராத 'உலை'யை எழுதி, 'இதைப் படி' என்று கேட்கணும். படித்துவிட்டால் வாசிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். தடுமாறினால், தெரிந்ததெல்லாம் பாட்டுதான்.

யார் செய்யணும்?

பக்கத்து நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. அது தமிழ்நாடு அரசின் திட்டம். காரைக்கால் இருப்பது புதுச்சேரியில். எந்தப் பாடத்திட்டம் என்ற விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். சொற்பட்டியல் தயாரிக்க அது தடையே இல்லை.

அந்தப் பட்டியலை அந்தந்த ஊர் ஆசிரியர்களே தயாரிக்க கல்வித்துறை நேரமும் அனுமதியும் தரணும். கடலோரத்துக்கு மத்தி, கத்தி, சுத்தி. வயல் சூழ்ந்த திருநள்ளாறு பக்கம் நெல், புல், கல். வீட்டில் தினமும் கேட்கிற சொல் என்பதால், எழுத்துக் கூட்டி முடித்ததுமே குழந்தைக்கு அர்த்தமும் கிடைத்துவிடும்.

வீட்டிலும் முடியும். வாரம் ஒரு குடும்பம், தினம் பத்து நிமிஷம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை.