உண்டியலும் உரிமையும்

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் நிதி கேட்டு உண்டியல் வந்தால், ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலே எந்த லயத்து வாசலிலும் "இல்லை" என்ற சொல் எழாது. கொடுத்தோம், இனியும் கொடுப்போம். ஆனால், கொடுப்பவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

கொடுத்துப் பழகியது நம் இனம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, மலாயா இந்தியர் பணமும் நகையும் குவித்தார்கள். செல்வர் பெட்டியிலிருந்து கொடுத்தார். பால்மரம் வெட்டியவளோ காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவ்வளவுதானா? அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் பயிற்சி தொடங்கிய ஜான்சிராணிப் படைக்குத் தன் மகளையும் அனுப்பினாள்.

1945-இல் படை கலைந்தது. திரும்பி வந்த தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு மீண்டும் பால்வெட்டும் கத்தியே வந்தது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு இந்திய அரசு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது 1972-இல். அப்படையின் ஜானகி ஆதி நாகப்பனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2000-இல். மகிழ்ச்சியே! ஆனால் பெயர் பதியாமற் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்த உண்டியல் குலுங்கியது?

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் அதன் பின்னும் நம் நாட்டைக் காத்த படையிலே, 21 ஆண்டுச் சேவையை நிறைவு செய்யாமல் விலகிய சாதாரணச் சிப்பாய்க்குப் பொதுவாக மாத ஓய்வூதியம் இல்லை. முதுமையில் அவரும் அவர் மனைவியும் நிதியுதவியை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

தோட்டத்தில் தொழிலாளி ஒருவர் விபத்தில் மாண்டால் நாம் பட்டியல் போட்டுக் காசு சேர்க்கிறோம். அதைக் காட்டி நிர்வாகம் நட்டஈடு தராமல் தப்ப விடுகிறோமா? விடுவதில்லை. இதிலும் அதே நியாயந்தான். உண்டியல் இன்றைய பசிக்கு. ஓய்வூதியம் நாளைய வாழ்வுக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. திரட்டிய பணத்தின் கணக்கைத் தோட்டத்தார் முன்னிலையில் படிக்க வேண்டும். விதவைகளுக்கே முதலில் உதவ வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைச் செயலாளர்கள் எழுதித் தர வேண்டும். குறைந்த காலம் சேவை செய்தவர்க்கும் அதற்கேற்ற ஓய்வூதியம் வேண்டுமென்று தொழிற்சங்கம் குரல் கொடுக்க வேண்டும்.

உயிரைப் பணயம் வைத்தவன் கை ஏந்தி நிற்பது அவனுக்கு இழிவன்று. அவனை அப்படி நிற்க வைத்த நமக்கே இழிவு!