பிள்ளை எவ்வளவு வளர்ந்தான்?

"பையன் எத்தனை மார்க்?"

பஸ்ஸிலும் கடையிலும் எல்லோரும் கேட்பது இதைத்தான். "ஜூன் மாதம் எந்த நிலையில் இருந்தான்? இப்போது எவ்வளவு தேறியிருக்கிறான்?" என்று கேட்பவர்கள் குறைவு.

மளிகைக் கடைக்காரருக்கு இது நன்றாகப் புரியும். இன்றைய இருப்பை மட்டும் எண்ணினால் லாபமா, நஷ்டமா என்று சொல்ல முடியுமா? ஆரம்ப இருப்பும் தெரிய வேண்டும். படிப்புக்கும் அதே கணக்குதான்!

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பல சிறுவர்களுக்கு எழுத்தே மறந்து போனது.

"ஏசர்" என்ற ஆய்வில், கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 3-ம் வகுப்புப் பிள்ளைகளில், 2-ம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 2018-ல் 100-க்கு 10 பேர். 2022-ல் 5 பேர்கூட இல்லை!

அதே 2022-ல் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைக் கொண்டு வந்தது. முதல் 3 வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வகுத்தார்கள். 2023-ல் 4, 5-ம் வகுப்புகளுக்கும் திட்டம் வந்தது. பிள்ளை நிற்கிற இடத்தில் இருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம்.

நல்ல யோசனை! அரும்பாக வந்தவன் ஆண்டு முடிவில் மொட்டானால் அது வெற்றி. மார்க் பட்டியலில் கடைசியில் இருப்பவன், வளர்ச்சிக் கணக்கில் முதலாவதாக இருக்கலாம்.

ஆனால் கணக்குக் கேட்பவர் பிரம்போடு நின்றால்?

"ஏன் இத்தனை அரும்பு?" என்று மேலதிகாரி மிரட்டினால், அரும்பெல்லாம் ஒரே நாளில் மலராகிவிடும். காகிதத்தில்தான்! வாசிக்கத் தெரியாத பிள்ளை, தெரியாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விடும். மோசம் போவது அந்தப் பிள்ளைதான்.

எனவே, உள்ளதை உள்ளபடி எழுதும் வாத்தியாரைத் தண்டிக்கக் கூடாது. அரும்புகள் அதிகம் உள்ள பள்ளிக்கு ஆளும் உதவியும் கூடுதலாகத் தர வேண்டும். அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும். விவரம் பதியவே பொழுது போனால், பாடம் நடத்துவது எப்போது?

பெற்றோருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். "ஜூனில் எழுத்துக் கூட்டினான். இப்போது கதை வாசிக்கிறான்." அவர்களுக்குப் புரிகிற கணக்கு இதுதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டு மலரும் பிள்ளைக்கு உதவாது!