புது லேப்டாப் வாங்கும் முன்

பேரனோ பேத்தியோ "தாத்தா, லேப்டாப் ரொம்ப ஸ்லோ, புதுசு வேணும்" என்று கேட்டால் அவசரப்பட்டு வங்கிக்குக் கிளம்பாதீர்கள். எதில் நேரம் போகிறது என்று முதலில் கேளுங்கள். பென்ஷன்காரன் புத்தி என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

என் பேரன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அவன் கேட்டது மேண்டல்பிராட் படம் வரைய. 1980-ல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பெனுவா மேண்டல்பிராட் கணினியில் வரைந்து பார்த்த உருவம் அது. ஓரத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புதுச் சுருள்களாக வரும். கணக்கு ஒரு வரிதான். பூஜ்யத்தில் தொடங்கி, வர்க்கமாக்கி, அந்தப் புள்ளிக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். விடையை மறுபடி வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். விடையின் அளவு 2-ஐத் தாண்டினால் புள்ளி வெளியே. எத்தனையாவது சுற்றில் தாண்டியதோ அதற்கேற்ப நிறம். 1000 சுற்று போயும் தாண்டவில்லையா, உள்ளே என்று வைத்துக் கறுப்பு.

அவன் இதை பைத்தானில், ஜுபிட்டர் பக்கத்தில் எழுதியிருந்தான். ஒரு வரி தட்டினால் உடனே விடை காட்டும் வசதி அதில் உண்டு. ஆனால் படத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம் என்ற ஆசையே வராது. எனக்குக் கவலை அதுதான். நிமிடக் கணக்கு அல்ல.

800க்கு 600 என்றால் 4,80,000 புள்ளிகள். முழு உருவமும் தெரியும்படி வரைந்தால் அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் கறுப்பு. அவைதான் ஒவ்வொன்றும் 1000 சுற்றைத் தின்பவை. அதாவது பத்துக் கோடிச் சுற்று. வெளியே உள்ளவை பெரும்பாலும் சீக்கிரமே ஓடிவிடும். ஆக, நேரமெல்லாம் வெறும் கறுப்பு மை பூசுவதில் போகிறது!

அந்தக் கறுப்பில் பத்தில் ஒன்பது பங்கு, நடுவில் உள்ள இதய வடிவமும் அதை ஒட்டிய ஒரு வட்டமும்தான். ஒரு புள்ளி இவற்றுக்குள் இருக்கிறதா என்று நாலைந்து பெருக்கலில் சொல்லிவிடலாம். 1000 சுற்று எதற்கு? போதாததற்கு, படத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் கண்ணாடிப் பிம்பம். ஒன்றைப் போட்டால் போதும். அளவு 2-ஐத் தாண்டியதா என்று வர்க்கமூலம் எடுத்துப் பார்ப்பதைவிட, அளவின் வர்க்கம் 4-ஐத் தாண்டியதா என்று பார்த்தால் ஒரு வேலை மிச்சம். பஞ்ச் கார்டு காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் பழகிய சிக்கனம்.

ஓரத்தில் எங்கோ ஒரு மூலையைப் பெரிதாக்கும்போது இதய வடிவமும் இல்லை, பிம்பமும் இல்லை, உண்மைதான். அங்கே பைத்தானின் சோம்பல் தெரியும். ஒவ்வொரு கூட்டலிலும் 'இது என்ன வகை எண்' என்று விசாரித்துவிட்டுத்தான் அது நகரும். நம்பா என்று ஓர் இலவசத் தொகுப்பு இருக்கிறது. சார்பின் தலையில் ஒரு வரி சேர்த்தால், முதல் ஓட்டத்தில் இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடுத்த ஓட்டத்திலிருந்து பறக்கும்.

உள்ளே போய்த் தேடும்போது 200க்கு 150 அளவில் வரைந்தால் போதும் என்பேன். புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. பிடித்த இடம் கிடைத்தபின் பெரிதாக வரையட்டும்; அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.