ஓரத்தில் இருக்கிறது மையம்

பெயர்களை வைத்துப் பார்த்தால் பெங்களூர் மத்திய தொகுதி ஒரு குட்டி இந்தியா. அதில் அடங்கிய எட்டு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று காந்தி நகர். இன்னொன்று ராஜாஜி நகர். வேறு நான்கு இடங்களுக்கு சிவாஜி, சி.வி. ராமன், மைசூர் மகாராஜா சாமராஜர், கன்னடக் கவி சர்வக்ஞர் ஆகியோரின் பெயர்கள். மீதி இரண்டு, சாந்தி நகரும் மகாதேவபுராவும். 2008 தொகுதி சீரமைப்பில் பிறந்து, 2009ல் முதல் தேர்தலைச் சந்தித்த இந்தத் தொகுதியின் தலையெழுத்து எழுதப்படுவது அந்தக் கடைசி இடத்தில்தான்.

தொகுதியின் பழைய பகுதிக்குள் இரண்டு ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. கெம்பே கௌடா 1537ல் எழுப்பிய பேட்டையும் அதைச் சுற்றி வளர்ந்த பகுதிகளும் மேற்கே. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து 1809ல் இடம் மாறிய பிரிட்டிஷ் படை முகாமிட்ட கன்டோன்மென்ட் கிழக்கே. நடுவில் கப்பன் பார்க். 1881க்குப் பிறகு பேட்டையை ஆண்டவர் மகாராஜா. கன்டோன்மென்ட்டிலோ பிரிட்டிஷ் ரெசிடென்ட் வைத்ததுதான் சட்டம். இரண்டும் ஒரே மாநகராட்சியானது 1949ல்தான்.

படையோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், கான்ட்ராக்டர்கள், வியாபாரிகள், கூலிகள். சிவாஜி நகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோவிலின் பெயரே இந்தக் கதையைச் சொல்லும். தண்டு என்றால் படை. இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் சிவப்புக் கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ஏழைப் பிள்ளைகளுக்காக 1873ல் பள்ளிக்கூடம் தொடங்கியவரும் அவரே.

இவ்வளவு பழைய உறவும் எப்போதும் சுமுகமாக இருந்துவிடவில்லை. காவிரிக் கலவரம் வெடித்த 1991ம் ஆண்டில்தான் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை தயாரானது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டுகள் வள்ளுவர் திரைக்குள்ளேயே நின்றார். 2009 ஆகஸ்டில் எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து சிலையைத் திறந்தார். பதிலுக்கு நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையாக எழுந்தார்.

பழைய கணக்கில் கன்டோன்மென்ட் பகுதிகள் பெங்களூர் வடக்குத் தொகுதியைச் சேர்ந்தவை. அங்கே ஏழு முறை வென்றவர் காங்கிரசின் ஜாபர் ஷெரீப். 2004ல் அவரைத் தோற்கடித்தவர் பா.ஜ.க. வேட்பாளரான முன்னாள் போலீஸ் அதிகாரி சாங்லியானா. நான்கே ஆண்டுகளில், அணுசக்தி ஒப்பந்தம் தொடர்பான நம்பிக்கை வாக்கெடுப்பில் மன்மோகன் சிங் அரசை ஆதரித்து, கட்சியிலிருந்து நீக்கப்பட்டார் அவர். 2009ல் புதிய மத்திய தொகுதியில் காங்கிரஸ் சின்னத்தில் நின்றபோது பா.ஜ.க.வின் பி.சி. மோகனிடம் 35,218 வாக்குகளில் தோற்றார். 2014, 2019, 2024 தேர்தல்களிலும் மோகனுக்கே வெற்றி.

ஆனால் 2024ன் வெற்றியைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. காங்கிரசின் மன்சூர் அலி கானை மோகன் வென்றது 32,707 வாக்குகளில். மகாதேவபுராவில் மட்டும் அவருக்குக் கிடைத்த முன்னிலை 1,14,046. அதாவது மற்ற ஏழு இடங்களையும் கூட்டினால் காங்கிரஸ் ஏறத்தாழ 81,000 வாக்குகள் முன்னே.

மகாதேவபுராவின் பலம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலோ இந்தியர்கள் குடியேற மகாராஜா 1882ல் நிலம் கொடுத்த ஒயிட்பீல்டு இங்கேதான். ஏரிகளும் கிராமங்களுமாக இருந்த இந்தப் பக்கம், 1990களின் பிற்பகுதியில் சாப்ட்வேர் பூங்கா வந்ததும் வீங்க ஆரம்பித்தது. எல்லைக் கோடுகள் போடப்பட்டதோ 2001 மக்கள் தொகைக் கணக்கை வைத்து. கோடு அப்படியே நின்றது, ஜனம் பெருகியது. 2023 சட்டமன்றத் தேர்தலில் மகாதேவபுராவின் வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். சிவாஜி நகரில் சுமார் 2 லட்சம். இருவருக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.

நஷ்டம் இரண்டு பக்கமும். பழைய நகரத்துக்காரரின் எம்.பி.யை முடிவு செய்வது புறநகர். புறநகர்க்காரர் தண்ணீருக்கும் சாலைக்கும் முறையிட வேண்டிய எம்.எல்.ஏ.வோ மூன்று பேர் சுமையைச் சுமக்கிறார். வாக்காளர் பட்டியல் மீதே சந்தேகமும் எழுந்தது. மகாதேவபுராவில் 1,00,250 போலி வாக்குகள் என்று 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி குற்றம்சாட்ட, தேர்தல் கமிஷன் மறுத்து, கையெழுத்திட்ட பிரமாணம் தரும்படி கேட்டது.

அடுத்த மாதமே பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. மகாதேவபுரா போய்ச் சேர்ந்தது கிழக்கு மாநகராட்சியில். குப்பை அள்ளுவதற்கு அது கிழக்கு. பார்லிமென்ட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு மட்டும் மத்தி. 2027 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கோடுகளைத் திருத்தி வரைபவர்கள் இந்த வேடிக்கையை முதலில் கவனிப்பது நல்லது.