கிறவற் பாதைக்கு ஏற்ற வண்டி

தாயார் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். வன்னியின் உட்கிராமம் ஒன்றில் வாழும் அவருக்கு ஒரே மகன். அவன் உயர்தர வகுப்பிற் படிக்கின்றான். வீட்டிலிருந்து பாடசாலை 9 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. முதல் 4 கிலோமீற்றரும் வாய்க்காற் கரையோடு செல்லும் கிறவற் பாதை. எஞ்சியது தார் வீதி. காலஞ்சென்ற தந்தையாரின் துவிச்சக்கர வண்டியிலேயே மகன் இதுகாறும் போய் வந்தான். இப்பொழுது அலுமினியத்தாற் செய்த ‘கிறவல் சைக்கிள்’ ஒன்று வேண்டுமென்று கேட்கின்றான்.

“சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கின்றது. அது முழுவதும் இதற்கே போய்விடும் போலிருக்கின்றது. வாங்கியபின் சில உறுப்புகளை மாற்றவேண்டும் என்றும் சொல்லுகின்றான். புது வண்டியில் மாற்றுவதற்கு என்ன இருக்கின்றது? இது தேவையா, அல்லது பிள்ளையின் வீண் ஆசையா?” என்பது அத்தாயாரின் வினா.

இது ஒரு வீட்டின் வினா மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, மூலையிற் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் தூசு தட்டப்பட்டதை நாம் கண்டோம். அன்று முதல் பல வீடுகளிலும் இப்பேச்சு எழுகின்றது. ஆகவே விடையைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

கிறவல் என்னும் சொல் எமக்குப் புதிதன்று. வண்டியின் பெயர் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்நாட்டின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் ஊரைச் சூழ்ந்து கற்கள் நிறைந்த புல்வெளிக் குன்றுகள் உள்ளன. அங்கே பண்ணைகளை இணைக்கும் பாதைகள் பெரும்பாலும் கூரிய கல் பரவியவை. அப்பாதைகளில் 200 மைல் தூரம் ஓடும் ஒரு போட்டியை 2006ஆம் ஆண்டில் அவ்வூரார் தொடங்கினர். இன்று அதன் பெயர் அன்பவுண்ட் கிறவல். தார் வீதியில் ஓடும் மெல்லிய சைக்கிள் அங்கே தாக்குப் பிடிக்கவில்லை. மலைப்பாதைச் சைக்கிளோ பாரமாகவும் மெதுவாகவும் இருந்தது. இரண்டிற்கும் இடையே பிறந்ததுதான் கிறவல் சைக்கிள். 2022இல் இதற்கென உலகச் சாம்பியன் போட்டியும் இத்தாலியில் ஆரம்பமாயிற்று.

இனி, அத்தாயார் வியக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுகின்றோம். வீட்டில் நிற்கும் பழைய வண்டியின் ரயரைப் பாருங்கள். அது 28 அங்குல வண்டியாயின் பக்கத்தில் 28 × 1½ என்று பொறித்திருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். புதிய கிறவல் சைக்கிள் பலவற்றின் ரயர் அகலமும் அதே 40 மில்லிமீற்றர்தான்! மேலும் அப்பழைய வண்டியின் சட்டகம் நீண்டது, முன்பக்கம் சாய்வானது, சேறு தெறியாமல் மட்காட் உண்டு. எம் பாட்டன்மார் ராலேயிலும் ஹம்பரிலும் ஏறி மணற்பாதையும் குளக்கட்டும் கடந்ததற்குக் காரணம் இவையே.

அப்படியாயின் புதிய வண்டி எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது பாரம். பழைய இரும்பு வண்டி கரியருடன் 20 கிலோ வரை நிறுக்கும். மலிவான அலுமினியக் கிறவல் சைக்கிள் 11 கிலோ அளவில் இருக்கும். இரண்டாவது கியர். முன்னே 48 பல்லும் பின்னே 18 பல்லும் கொண்ட பழைய வண்டியில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் செல்லும். எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் கால் ஓய்ந்துபோவது அதனாலேதான். கியர் வண்டியில் முன்னே 34, பின்னே 34 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர் அளவே செல்லும்; கால் நோகாது. மூன்றாவது பிரேக். மழையில் நனைந்த இரும்பு றிம்மை இறப்பர்க் கட்டை சரியாகப் பற்றுவதில்லை. டிஸ்க் பிரேக் சில்லின் நடுவில் உள்ள தட்டைப் பிடிப்பதால் மாரி காலத்திலும் வண்டியை நிறுத்தும். நாள்தோறும் 18 கிலோமீற்றர் செல்லும் பிள்ளைக்கு இம்மூன்றும் ஆடம்பரமல்ல. ஆகவே இது வீண் ஆசையன்று என்பது எமது முதல் விடை.

ஆயினும் அலுமினியத்தின் குணத்தை அறிந்தே வாங்குதல் வேண்டும். இவ்வுலோகம் ஒருகாலத்தில் பெருவிலை பெற்றிருந்தது. 1886இல் அமெரிக்கரான சாள்ஸ் ஹோலும் பிரெஞ்சுக்காரரான போல் ஹெரூல்ட்டும் மின்சாரத்தால் அதனைப் பிரித்தெடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டபின்னரே மலிவாயிற்று. அதன் பாரம் உருக்கின் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. அக்குறையை ஈடுசெய்யவே அலுமினியச் சட்டகத்தின் குழாய்கள் பருமனாகச் செய்யப்படுகின்றன. பருத்த குழாயைக் கண்டு பாரமென்று எண்ணவேண்டாம்.

இரும்புச் சட்டகம் வெடித்தால் ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரரே ஒட்டிவிடுவார். அலுமினியத்தை அவ்வாறு ஒட்டலாகாது. தொழிற்சாலையிற் சூடேற்றிப் பதப்படுத்தியதனாற் பெற்ற வலிமை, ஒட்டும் நெருப்பிற் போய்விடும். வளைந்ததை அடித்து நிமிர்த்துவதும் ஆபத்து. எனவே பாரில் நண்பனை ஏற்றிக்கொண்டு போகும் எம்மூர் வழக்கம் இவ்வண்டிக்கு ஆகாது. மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, குழாய்கள் கூடும் ஒட்டிடங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோ என்று பார்த்தல் நன்று. வண்டியைக் கடற்கரை ஊர்களில் வைத்திருப்போர், சீற்றைத் தாங்கும் தண்டுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் கிறீஸ் பூசவேண்டும். உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அரிப்பு ஏற்பட்டு இறுகிவிடும்.

இனித் தெரிவு. எல்லாவற்றிற்கும் முன்னதாக அளவைப் பார்க்கவேண்டும். “வளரும் பிள்ளைதானே” என்று சட்டையைச் சற்றுப் பெரிதாக எடுப்பது எம்மவர் வழக்கம். நாமும் ஒருமுறை அந்த எண்ணத்துடன் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் பெரிய வண்டி வாங்கினோம். கை எட்டாமல் முதுகு நொந்து, நிறுத்தும்போது காலூன்ற முடியாமல் இருமுறை விழுந்தபின் அவன் அதைத் தொடவேயில்லை. பிழை எம்முடையதே. வண்டியின் மேற்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நிற்கையில், உடலுக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலமாவது வெளி இருக்கவேண்டும். சீற்றில் இருந்து, கீழே நிற்கும் பெடலில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். மற்ற உறுப்புகளைப் பின்னர் மாற்றலாம். சட்டகத்தின் அளவை மாற்றவே முடியாது. ஆகவே மகனைக் கடைக்கு அழைத்துச் சென்று, ஏறி ஓடிப்பார்த்தே வாங்குங்கள்.

இரண்டாவதாக, ரயருக்கும் சட்டகத்துக்கும் உள்ள இடைவெளி. 40 மில்லிமீற்றர் ரயர் மாட்டியபின்னும் இருபுறமும் சுண்டுவிரல் பருமனுக்கு இடம் இருந்தால் சேறு அடைக்காது. மூன்றாவதாக, மட்காட்டும் கரியரும் பூட்டுவதற்குத் துளைகள் உண்டோ என்று பாருங்கள். பள்ளிப் புத்தகம் சுமக்கும் பிள்ளைக்கு அவை அவசியம். நான்காவதாக, பிரேக். எண்ணெயால் இயங்கும் பிரேக் மெத்தென்று பிடிக்கும்; ஆனால் அதில் காற்றுப் புகுந்தால் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேண்டும், அதற்கென்றே குறிக்கப்பட்ட எண்ணெயும் வேண்டும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை வழியோரக் கடையிலும் திருத்தலாம். கிராமத்துப் பிள்ளைக்கு நாம் அதனையே சொல்லுவோம். ஐந்தாவதாக, கியர். பின்னே எட்டு அல்லது ஒன்பது தட்டுடையது போதும். பத்து, பதினொன்று என்று ஏற ஏறச் செயின் மெலியும், விலை ஏறும்.

மறவாது செய்யவேண்டிய சிறு காரியம் ஒன்றுண்டு. பின்கியரைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு, வண்டி விழுந்தால் முதலில் வளைவதற்கென்றே அமைந்தது. ஒரு வண்டியின் துண்டு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வண்டி வாங்கும் அன்றே மேலதிகமாக ஒன்றை வாங்கி வைத்தல் வேண்டும். இல்லாவிடில் சிறு பொருள் ஒன்றுக்காக வண்டி வாரக்கணக்கில் மூலையில் நிற்கும்.

மாற்றம் பற்றிய வினாவுக்கு வருவோம். மகன் சொல்லுவதில் உண்மை உண்டு, அவசரமும் உண்டு. மலிவான வண்டியில் நல்ல சட்டகத்தைக் கொடுத்துவிட்டு, ரயரிலும் பிரேக் கட்டையிலும் சீற்றிலும் விலையைக் குறைப்பது உற்பத்தியாளர் பலரின் வழக்கம். ஆகவே மாற்றத்தக்கவை உண்டு. ஆனால் அவற்றை ஆறு மாதம் ஓடியபின், தேய்வும் குறையும் தெரிந்தபின் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

முதலில் ரயர். நிலத்தைத் தொடுவது அதுவே. நல்ல ரயர் ஒரு சோடி தரும் சுகத்தை, விலையுயர்ந்த வேறெந்த உறுப்பும் தராது. வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: கிறவல் சைக்கிளின் 700சி சில்லையும் பழைய வண்டியின் சில்லையும் கடையில் 28 அங்குலம் என்றே சொல்லக்கூடும். பழையதன் றிம் அளவு 635 மில்லிமீற்றர். புதியதன் அளவு 622. ஒன்று மற்றதற்குச் சேராது. ரயரின் பக்கத்தில் 40-622 என்பது போன்ற எண்ணைப் பார்த்தே காசு கொடுங்கள். காற்றையும் கல்லுப்போல இறுக்கவேண்டாம். 60 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 40 மில்லிமீற்றர் ரயராயின், சதுர அங்குலத்துக்கு முன்னே 30 முதல் 35 இறாத்தலும், பின்னே 35 முதல் 40 இறாத்தலும் தொடக்கத்துக்கு ஏற்றவை. மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரியூப் நசுங்கி இரு துளை விழும். ரியூப் இல்லாத ரயர் நெருஞ்சி முள்ளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் உள்ளே ஊற்றும் பால் எம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் வற்றும், மீண்டும் ஊற்றவேண்டும். அதனைப் பின்னர் யோசிக்கலாம்.

அடுத்துப் பிரேக் கட்டையும் கம்பியும். உயிர்காக்கும் உறுப்பாதலால் இங்கே சிக்கனம் வேண்டாம். அதற்கடுத்துச் சீற்றும் பெடலும். அவை உடலுக்கு ஒவ்வாவிடில் மட்டும். செயின் தேய்ந்ததோ என்று அறியப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து இருபத்துநான்கு ஆணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பற்சக்கரமும் தேய்ந்து, செலவு இரட்டிக்கும். பற்சக்கரத்தை மாற்றும் காலத்தில் ஏற்றத்துக்குப் பெரிய பல்லுள்ளதாகப் பார்த்து வாங்கினால் அதுவே ஒரு முன்னேற்றம். இலேசான புதுச் சில்லு, கார்பன் உறுப்பு என்பவை கடைசியில், அல்லது ஒருபோதும் வேண்டாம். பெரும்பணம் கொடுத்துக் குறைக்கும் அரைக்கிலோவைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று மீண்டும் ஏற்றிவிடும்.

ஆகவே, சகோதரி, சீட்டுப் பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள். ஏழு பங்குக்குள் வண்டி அமையட்டும். ஒரு பங்கில் தலைக்கவசம், விளக்கு, பம், ஒட்டுப்போடும் சாமான்கள். இரண்டு பங்கை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்; ரயருக்கும் பிரேக்குக்கும் அது பின்னர் வேண்டும். ஏழு பங்குக்குள் நல்லது கிடையாவிடில் இன்னும் சில மாதம் பொறுப்பதே மேல். பழைய வண்டிக்குப் புதுப் பிரேக் கட்டை போட்டால் அதுவரை அது குறைவின்றி ஓடும்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. புது வண்டி வந்த அன்றே ஒட்டுப்போடவும் செயின் கழுவவும் கற்றுக்கொள். தாயாரின் சீட்டுக் காசை நீடித்து உழைக்கச் செய்வது உன் கையிலேயே இருக்கின்றது.

தந்தையாரின் வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். நெல் மூட்டையும் விறகும் சுமக்க அதைவிடச் சிறந்த வண்டி இன்னும் வரவில்லை. இரண்டும் ஒரே திண்ணையோரம் நிற்கட்டும். அவற்றின் ரயர் அகலம் ஒன்றே என்பதை மகனே ஒருநாள் அளந்து பார்த்துக்கொள்வான்.